ஷிஃப்ட் இல்லாத நூற்றிருபது வண்டிகள்

01-04-1996: ரூ. 18,600
29-09-2023: ரூ. 11,40,00,000
19-10-2023: ரூ. 23,450
19-10-2023: ரூ. 3,000
30-01-2024: ரூ. 9,75,000
31-07-2024: ரூ. 15,600
22-01-2025: ரூ. 6,34,500

முதல் தொகை, ஜான்பீட்டர் என்பவர் எங்கள் கோனேரிசந்திரம் நகராட்சிக்குக் கட்டிய முதல் ஆண்டுக் குத்தகை. கடைசித் தொகை, அவர் மனைவி லூர்தம்மாளைக் கட்டச் சொன்னது. இடையில் இருப்பவை நகராட்சி செய்த செலவு, செய்ய ஆசைப்பட்ட செலவு, செய்துவிட்டு வேறு தலைப்பில் எழுதிய செலவு. 15,600 மட்டும் தனியார் பணம். அது பிரியாணி.

முப்பத்தொரு ஆண்டுகள் இந்த நகராட்சியின் மன்றப் பிரிவில் தீர்மானப் புத்தகம் எழுதினேன். ஓய்வுக்குப் பிறகும் கூட்ட நாளில் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்காருகிறேன். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும். ஆகவே கீழே உள்ளவற்றில் கூட்டத்தில் பேசியது நான் கேட்டது. லூர்தம்மாளின் சைக்கிள் ஸ்டாண்டில் நடந்தது எதிர் டீக்கடையிலிருந்து பார்த்தது. மற்றது லூர்தம்மாள் சொன்னது. அவர் எதையும் குறைத்துச் சொல்பவர் அல்ல என்பதால் அவர் சொன்ன இடங்களில் நான் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

லூர்தம்மாள் எலத்தகிரியில் 1966இல் பிறந்தவர். கணவர் வேலை பார்த்த கம்பெனி 1995இல் மூடியது. கையில் வந்த பணத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இருபத்திரண்டு சென்ட் நகராட்சி இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, தகரக் கூரை போட்டு, சைக்கிள் ஸ்டாண்ட் ஆரம்பித்தார்கள். இப்போது அங்கே ஒரு சைக்கிள்கூட இல்லை. எல்லாம் மோட்டார் வண்டி. பெயர் மட்டும் சைக்கிள் ஸ்டாண்ட். ஜான்பீட்டர் 2009இல் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் காலை நான்கே முக்காலுக்கு லூர்தம்மாள் ஸ்டாண்டைத் திறந்தார். "ஏ ஷிஃப்ட்டுக்காரன் துக்கம் விசாரிக்க வருவான், வண்டிய எங்க நிறுத்துவான்?" என்றார்.

எங்கள் ஊரில் கம்பெனி என்றால் ஊருக்கு வெளியே எட்டு, பத்து கிலோமீட்டரில் இருப்பது. கெலமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவன் வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவான். ஏ ஷிஃப்ட் வண்டிகள் 208. காலை ஐந்தரைக்குள் வந்து மதியம் மூன்றேகாலுக்குப் போகும். ஜெனரல் ஷிஃப்ட் 158. எட்டு மணிவாக்கில் வந்து மாலை ஆறரைக்குப் போகும். பி ஷிஃப்ட் 213. மதியம் ஒன்றரைக்கு வரும். வேறு காரணமாக வருகிறவர்கள் ஒரு நாளைக்கு ஆறு பேர். மொத்தம் 585. இரவு வரும் சி ஷிஃப்ட் இந்தக் கதைக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு முறை இருக்கிறது. அது தெரியாவிட்டால் மேலே படித்துப் பயனில்லை. லூர்தம்மாள் டோக்கன் கொடுப்பதில்லை. சட்டையின் நிறத்தைப் பார்த்துக் கம்பெனியையும், வந்த நேரத்தைப் பார்த்து ஷிஃப்ட்டையும் சொல்லிவிடுவார். வண்டி ஷிஃப்ட் வாரியாகத்தான் நிற்கும். இடது பாதி ஏ ஷிஃப்ட்டுக்கு. அவர்கள் போனதும் பி. வலது பாதி ஜெனரலுக்கு. இரண்டுக்கும் பின்னால், சுவரை ஒட்டிய மூன்று வரிசை, ஷிஃப்ட் இல்லாதவர்களுக்கு. ஊருக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், எங்கே போகிறோம் என்று சொல்ல விரும்பாதவர். நடுவில் நடைவழி கிடையாது. ஹேண்டில்பாருக்கு ஹேண்டில்பார் உரசி நிற்கும். வழி விட்டால் எண்பது வண்டிக்கு இடம் போய்விடும். ஆகையால் முன்னால் நிற்கிற ஷிஃப்ட் போனால்தான் பின்னால் நிற்பவர் போக முடியும். மாவட்ட அதிகாரி ஒருவரின் மைத்துனர் 2017இல் அவசரம் என்று கத்திப் பார்த்தார். ஆறரைக்குத்தான் போனார்.

வீடுகளிலிருந்து பெண்கள் போன் செய்து, "எங்க வீட்டுக்காரரு வண்டி அங்க நிக்குதாக்கா?" என்று கேட்பார்கள். "வண்டி நிக்குது. ஆளு எங்கன்னு என்னக் கேக்காத, நான் வண்டிக்குத்தான் காசு வாங்கறேன்" என்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அனிட்டா தன்னோடு வந்துவிடச் சொல்லி வருடம் இரண்டு முறை அழைக்கிறாள். அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்தால் தன் வாய் வீணாகிவிடும் என்பது லூர்தம்மாளின் பதில்.

ஏ ஷிஃப்ட் போகும் முன்பே பி ஷிஃப்ட் வந்துவிடுவதால், மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றேகால் வரை 213 வண்டிகளும் லாக் போடாமல் ரோட்டில் நிற்கும். இடம் காலியானதும் லூர்தம்மாள் உள்ளே தள்ளுவார். நாளுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். அந்த நேரத்தில்தான் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் சென்னகிருஷ்ணன் தன் மாங்காய் மண்டியிலிருந்து சாப்பிட வீட்டுக்குப் போவார். நகராட்சி அடுக்கு வாகன நிறுத்தம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் பசி நேரத்தில் உதித்தது.

29-09-2023 கூட்டத்தில் தீர்மானம் வந்தது. நான்கு மாடி, மதிப்பீடு பதினொரு கோடியே நாற்பது லட்சம், இடம் லூர்தம்மாளின் ஸ்டாண்ட்.

"தலைவரம்மா, பெங்களூருல பாருங்க, கார் மேல கார் நிக்குது. நம்மூருல கார் பின்னாடி கார் நிக்குது. நாம எப்ப முன்னேறுறது?" என்றார் சென்னகிருஷ்ணன்.

நகராட்சித் தலைவர் வெள்ளையம்மா கேட்டார்: "மேல நிக்கட்டும் கவுன்சிலரே. கீழ எப்புடி எறங்கும்?"

"அதுக்குத்தான் இன்ஜினீயர் இருக்காரு."

நகராட்சிப் பொறியாளர் மாதவன் எழுந்து நின்றார். யாரும் எதுவும் கேட்காததால் உட்கார்ந்துவிட்டார்.

கர்நாடகப் பதிவு வண்டிகளுக்கு இரட்டைக் கட்டணம் என்று ஒரு திருத்தம் வந்தது. கைதட்டல். மாதவன் மறுபடி எழுந்து, வாசலில் நிற்கும் உறுப்பினர்களின் கார்கள் பதினொன்று, அவற்றில் ஏழு கேஏ நம்பர் என்றார். பெங்களூரில் பழைய கார் மலிவு. சென்னகிருஷ்ணனுடையதும் அந்த ஏழில் ஒன்று. திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. கட்டி முடிக்கும் இரண்டு ஆண்டும் இந்த 585 வண்டிகள் எங்கே நிற்கும் என்று மூன்றாவது வார்டு கேட்டதற்கு, "ரெண்டு வருசம் பஸ்ல போவட்டும், ஒடம்புக்கு நல்லது" என்று பதில் வந்தது. தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த மாதம் ஒன்பது உறுப்பினர்கள் மூன்று காரில், 23,450 ரூபாய் செலவில், பெங்களூர் போய் ஒரு அடுக்கு வாகன நிறுத்தத்தைப் பார்த்தார்கள். உள்ளே இடம் தாராளமாக இருந்தது. மணிக்கு முப்பது ரூபாய் என்றதும், அதற்கு மன்றத்தின் ஒப்புதல் இல்லை என்று காரை எதிர்ச் சாரியில் விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் மூன்றுக்கும் தலா ஆயிரம் அபராதம். அது 'ஆய்வு உபகரணங்கள்' என்ற தலைப்பில் இருக்கிறது. வவுச்சர் எண் 214.

பிறகு ஒரு ஆலோசனை நிறுவனம் வந்தது. இரண்டு பையன்கள் மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றேகால் வரை ஸ்டாண்ட் வாசலில் நின்று எண்ணினார்கள். வாசலுக்கு வந்தது 213, மூன்றேகால் அடித்ததும் வெளியே போனது 208, ஆக 421. ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு 421 என்றால் பதினான்கு மணி நேரத்துக்கு எட்டு மடங்கு, 3,368. இந்தப் பெருக்கலுக்கு ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம். பெருக்கல் சரி. அதை நான் போட்டுப் பார்த்தேன்.

15-02-2024 அன்று இடத்தைக் காலி செய்யச் சொல்லி லூர்தம்மாளுக்கு அறிவிப்பு வந்தது. புதிய கட்டடத்தை நடத்த ஆண்டுக்கு ஐந்து கோடி வரவு உள்ள நிறுவனம்தான் டெண்டர் போடலாம் என்று அதிலேயே இருந்தது. அவர் கட்டடமும் இல்லாமல், ஸ்டாண்டும் இல்லாமல் போக வேண்டியதுதான். நேரே மாதவனிடம் போனார்.

"ஏன் சார், ஒன்னேமுக்கா மணி நேரத்துக்குப் பதினோரு கோடியா? மீதி நேரத்துல நாலு மாடிலயும் கோழி வளப்பீங்களா?"

"அம்மா, ரிப்போர்ட் சென்னைக்குப் போயிடுச்சு. என் கையில ஒன்னுமில்ல."

"ஒங்க கையில என்னைக்கு சார் இருந்துச்சு?"

மாதவன் அதை மறுக்கவில்லை. நல்ல மனிதர்.

மார்ச்சில் வந்த தேர்தல் விதிகளால் மூன்று மாதம் நகராட்சி எதையும் செய்யவில்லை. ஊர் நிம்மதியாக இருந்தது. ஜூலையில், கட்டடத்துக்கு நிதி தர வேண்டிய சென்னை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 3,368 என்ற எண்ணில் சந்தேகம் இருப்பதால், வருவாய்த் துறை அதிகாரி முன்னிலையில் ஒரு நாள், காலை ஐந்து முதல் மாலை ஏழு வரை, உள்ளே வரும் வண்டிகளை நேரடியாக எண்ண வேண்டும். ஆயிரத்துக்குக் குறைந்தால் நிதி கிடையாது. நாள்: 31-07-2024, புதன்.

ஆயிரத்துக்கும் 585க்கும் இடையே 415 வண்டி இடிக்கிறது. சென்னகிருஷ்ணன் தன் வார்டிலிருந்து நூற்றிருபது பேரைப் பிடித்தார். ஆளுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல், மதியம் மண்டியில் பிரியாணி. ஒவ்வொருவரும் நான்கு முறை உள்ளே போய் வர வேண்டும். நான்கு நூற்றிருபது 480. கூட 585. மொத்தம் 1,065. கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வாழ்க்கையில் ஒரு முறைகூட அவர் அந்த ஸ்டாண்டில் வண்டி விட்டதில்லை. அவரிடம் கார் இருந்தது.

காலை ஐந்துக்கு அதிகாரி சத்யப்ரியா இரண்டு உதவியாளர்களோடு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் நம்பரும் நேரமும் எழுதினார்கள். ஏ ஷிஃப்ட் வந்தது, 208. ஏழரைக்கு, ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு முன்னால், நூற்றிருபது பேரும் ஊர்வலம் போல வந்தார்கள். லூர்தம்மாள் வரிசைக் கோடு போடும் சாக்பீஸோடு வாசலில் நின்றார்.

"எந்த ஷிஃப்ட்டுப்பா?"

"ஷிஃப்ட்டெல்லாம் இல்லக்கா. சும்மா."

"சும்மாவா? சரி, சும்மான்னா கடைசி. செவுத்தப் பாத்து நிறுத்து."

"இங்கியே வாசல்ல நிறுத்தறனே, ஒடனே எடுத்துடுவேன்."

"வாசல் ஷிஃப்ட்டுக்காரனுக்கு. நீ இன்னா கலெக்டரா? போப்பா, பின்னாடி ஆளு வந்துனு இருக்கு."

போனார்கள். சுவரை ஒட்டிய மூன்று வரிசையும் நிரம்பின. எட்டிலிருந்து எட்டேகாலுக்குள் ஜெனரல் ஷிஃப்ட் 158 வண்டிகள் வந்து அவர்களுக்கு முன்னால் அடைத்துக்கொண்டன. எட்டரைக்கு இரண்டாவது சுற்றுக்காக முதல் ஆள் வண்டியை எடுக்கப் போனான். ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டான்.

"அக்கா, வண்டிய எடுக்கணும்."

"எடுத்துக்கோ."

"எப்புடி எடுக்கறது? முன்னாடி அத்தனையும் லாக் பண்ணிட்டுப் போயிட்டானுங்க."

"ஆறரைக்கு வருவாங்க. வந்து தெறப்பாங்க."

"காலையிலயே சொல்லக் கூடாதாக்கா?"

"நீ சும்மா வந்ததாத்தானே சொன்ன? சும்மா வந்தவனுக்கு இன்னா அவசரம்?"

பத்து மணிக்குச் சென்னகிருஷ்ணன் வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். அன்று தெலுங்கில் கொஞ்ச நேரம் பேசினார். மேசையிலிருந்து சத்யப்ரியா, "என்ன சார் பிரச்சினை?" என்று கேட்டதும் தமிழுக்கு மாறி, "ஒன்றுமில்லைங்க அம்மா, பொதுமக்களின் சிரமத்தைப் பார்வையிட வந்தேன்" என்றார். பொய் சொல்லும்போது அவர் தமிழ் மிகவும் சுத்தமாக இருக்கும்.

லூர்தம்மாளைத் தனியே கூப்பிட்டார். "லூர்தக்கா, கொஞ்சம் வழி உடுங்க. பசங்க போயிட்டு வந்துடுவானுங்க."

"வழி எங்க இருக்கு தம்பி? நீங்கதான் எடம் பத்தல, நாலு மாடி கட்டணும்னு சொன்னீங்க. இப்ப பத்தலன்னு நானும் ஒத்துக்கறேன்."

மூன்றேகாலுக்கு ஏ ஷிஃப்ட் கிளம்பியபோது ஒரு நம்பிக்கை பிறந்தது. ஆனால் ரோட்டில் பி ஷிஃப்ட் வண்டிகள் காத்திருந்தன. ஒரு வண்டி போன இடத்தில் லூர்தம்மாள் இன்னொன்றைத் தள்ளினார். இருபது நிமிடத்தில் இடது பாதி பழையபடி மூடிக்கொண்டது. மண்டி அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். வண்டியை விட்டுவிட்டு இவர்களால் போக முடியவில்லை. நூற்றிருபது பிரியாணியையும் மண்டியில் லாரி ஏற்ற வந்தவர்கள் சாப்பிட்டார்கள். மாலை ஆறு நாற்பதுக்கு ஜெனரல் ஷிஃப்ட் போனதும் நூற்றிருபது பேரும் வெளியே வந்தார்கள். இன்னும் இருபது நிமிடம் இருந்ததால் நான்கு பேர் திரும்ப உள்ளே நுழையப் பார்த்தார்கள்.

"வா சாமி, வா. இப்ப வந்தா உனக்கு முன்னாடி சி ஷிஃப்ட். காலையில ஏழேகாலுக்கு எடுத்துக்கலாம்" என்றார் லூர்தம்மாள். நான்கு பேரும் போய்விட்டார்கள்.

ஏழு மணிக்குச் சத்யப்ரியா கூட்டிப் பார்த்தார். 705.

வேண்டுமென்றே செய்தாரா என்று நான் பிறகு கேட்டேன். "இன்னா கிளார்க்கய்யா இப்புடிக் கேக்கறீங்க? ஷிஃப்ட் இல்லாதவன வாசல்ல உட்டா ஏ ஷிஃப்ட்டுக்காரன் என்ன சும்மா உடுவானா?" என்றார். நான் கேட்டதற்கு இது பதில் அல்ல. இருந்தாலும் குறித்துக்கொண்டேன்.

12-11-2024 அன்று சென்னையிலிருந்து நிதி மறுப்புக் கடிதம் வந்தது. கட்டடம் இல்லை. காலி செய்யும் அறிவிப்பும் தானாக ரத்தானது. கதை இதோடு முடிந்திருந்தால் லூர்தம்மாள் ஜெயித்தார் என்று எழுதிவிடலாம்.

ஆனால் நகராட்சி சும்மா இருக்கவில்லை. ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு 900 ரூபாய் என்ற விகிதத்தில் குத்தகையை மாற்றினார்கள். வண்டி எத்தனை என்பதற்கு இப்போது அரசாங்க ஆவணம் இருக்கிறதே: 705. 22-01-2025 தேதிக் கடிதம் ரூ. 6,34,500 கட்டச் சொன்னது. கட்டாவிட்டால் ஏப்ரல் முதல் தேதி இடம் ஏலத்துக்குப் போகும். அதுவரை அவர் கட்டிவந்தது 5,10,000. ஒரே ஒரு நாள் வந்து, பட்டினியாகத் திரும்பிய நூற்றிருபது வண்டிக்கு அவர் இனி வருடந்தோறும் 1,08,000 கட்ட வேண்டும். அது அவரால் முடியாது. கட்டினால் அந்தச் சுமையை ஷிஃப்ட்டுக்காரர்கள் தலையில்தான் வைக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அன்றைய எண்ணிக்கைத் தாள்களின் நகலை வாங்கினேன். நூற்றிருபது நம்பரும் அதில் இருந்தன, வந்த நேரத்தோடு. லூர்தம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மண்டிக்குப் போனார். நான் கூடப் போனேன்.

"வாங்கக்கா" என்றார் சென்னகிருஷ்ணன், அவ்வளவு சந்தோஷமில்லாமல்.

"தம்பி, அன்னிக்கு வந்த வண்டி ஒங்க வண்டின்னு மன்றத்துல சொல்லிடுங்க. என் கணக்குலேர்ந்து எடுத்துடுவாங்க."

"அது எப்புடிக்கா நான் சொல்றது? நானே ஆள் செட் பண்ணேன்னு சொல்லச் சொல்றீங்களா? பேப்பர்ல வந்துடும்."

"அப்ப நான் வீடு வீடாப் போறேன். நூத்தி இருவது பேரும் ஒன்பதாவது வார்டு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என் வாசல்ல பட்டினியா நின்னவனுங்க. பிரியாணி கெடைக்காதவன் சாட்சி சொல்றதுக்கு எவ்ளோ நேரமாவும்?"

சென்னகிருஷ்ணன் மாங்காய்க் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிப்ரவரியில் அது காலிக் கூடை.

"ஒங்க பேரு வராம வேற எதாச்சும் சொல்லுங்க" என்றார் லூர்தம்மாள். "பொய் சொல்றது ஒங்களுக்கு நான் கத்துக் குடுக்கணுமா?"

27-02-2025 கூட்டத்தில் சென்னகிருஷ்ணன் எழுந்தார். தமிழ் மிகச் சுத்தமாக இருந்தது.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, எண்ணிக்கை நடந்த நாளில் வந்த நூற்றிருபது வண்டிகள் ஸ்டாண்டின் வழக்கமான வண்டிகள் அல்ல. அவை ஒரு திருமணத்திற்கு வந்த வண்டிகள் என்பதை மன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்."

வெள்ளையம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எந்தத் தேதி கவுன்சிலரே?"

"முப்பத்தொன்று, ஏழு, இருபத்துநான்கு."

"ஆடி பதினஞ்சு. ஆடி மாசத்துல எவன் வீட்டுல கல்யாணம் வெச்சான்?"

சென்னகிருஷ்ணன் வாயைத் திறந்தார். தெலுங்கு வரப்போகிறது என்று நினைத்தேன். பார்வையாளர் பெஞ்சில் என் பக்கத்திலிருந்து லூர்தம்மாள் சொன்னார்: "எங்காளுங்க ஆடியிலயும் வெப்பாங்க தலைவரம்மா."

பார்வையாளர் பேசக் கூடாது என்பது விதி. வெள்ளையம்மா அவரைப் பார்த்தார், பிறகு சென்னகிருஷ்ணனைப் பார்த்தார். நூற்றிருபது வண்டி எதற்கு வந்தது என்பது அவர் உட்பட அங்கிருந்த இருபத்தேழு பேருக்கும் தெரியும்.

"கிறிஸ்தவக் கல்யாணம்னு எழுதிக்குங்க" என்றார் மன்றப் பிரிவு எழுத்தரிடம். "பொண்ணு மாப்ள பேரு வேணாம்."

மாதவன் எழுந்து, அப்படியானால் 705இல் 120 கழித்தால் 585 என்றார். நகராட்சியில் அவர் சொல்லி மன்றம் எழுதிக்கொண்ட முதல் எண் அது. தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பில் சென்னகிருஷ்ணனின் குரல்தான் உரக்கக் கேட்டது.

தீர்மானம் நிறைவேறுவது வேறு, கடிதம் வருவது வேறு. மார்ச் முழுவதும் லூர்தம்மாள் தினமும் தபால்காரரிடம், ஏப்ரல் முதல் தேதிக்குள் வரவில்லை என்றால் உன் வண்டியையும் கடைசி வரிசையில் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டுக் குத்தகை ரூ. 5,26,500 என்றும், மூன்றாண்டுக்கு மாற்றமில்லை என்றும் குறித்த கடிதம், ஏ ஷிஃப்ட் வெளியே போய்க்கொண்டிருந்த நேரத்தில், அவர் கைக்கு வந்து சேர்ந்த நாள் 21-03-2025.